ஒப்பாரியில் ஒரு தொலைபேசி எண்

டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே இருந்த பழைய கற்குவாரியில் வைத்து, ஒரே காலைக்குள் பேர்பெச்சுவாவை நான்கு முறை பணயக்கைதியாகப் பிடித்துவிட்டார்கள். ஐந்தாவது முறை பிடிக்க ஆயத்தமானபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்த யோசனையை விடுகிற ஆள் அவள் இல்லை.

பிடித்தவர் வேறு யாருமல்ல, அவளுடைய அகதி விடுதியின் கீழ்மாடியில் இருந்த தங்கராசா அண்ணைதான். ஊரில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அதட்டியிருக்க மாட்டார். அவர் கையில் ஒரு மரத்துவக்கைக் கொடுத்து, தலையில் சிவப்புத் துணியைக் கட்டி, பயங்கரவாதி என்று நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் துவக்கை அவள் கழுத்தில் வைக்க முன்பு, "குறை நினையாதையுங்கோ தங்கச்சி" என்பார். அதையும் சேர்த்துத்தான் படம் பிடித்தார்கள். ஜெர்மன்காரருக்கு அது கொலைமிரட்டல் போலக் கேட்டிருக்கும்.

எடுத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். ஜெர்மன் ராணுவத்தில் சட்ட அதிகாரியாக இருக்கும் மேஜர் ஹெல்விக் என்பவர் வியாழக்கிழமைதோறும் இரவு எட்டேகாலுக்கு வருவார்; ஒரு மணி நேரத்துக்குள் யாருக்காவது நீதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்தக் கதையில், பேரில்லாத ஒரு வெயில் நாட்டில் மூன்று ஜெர்மன் பொறியியலாளர்களையும் கொஞ்ச ஊர்ச்சனத்தையும் ஒரு கூட்டம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுடச் சொல்வதா, பேசிப் பார்ப்பதா, சுடச் சொன்னால் நாளைக்கு நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வது என்று மேஜர் நெற்றியைச் சுருக்குவார். வெயில் நாட்டுக்குப் போய்ப் படம் எடுக்க அவர்களுக்கு வசதி இல்லை. ஆகவே கறுத்த சனம் வேண்டும் என்று விடுதிக்கு வந்தார்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். விடுதிப் பொறுப்பாளர் கெஸ்லர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், இது வேலையல்ல, 'பண்பாட்டுப் பங்களிப்பு' என்று ஒரு கடிதம் எடுத்து வந்துவிட்டார். அந்த மனிதருக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் காரியமும் ஆகும்.

அது எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம். ரஷ்யாப் பக்கம் அணு உலை வெடித்து, ஜெர்மன்காரர் மழைக்கும் கீரைக்கும் பயந்துகொண்டிருந்த நேரம். நாலு துளி விழுந்தாலும் படப்பிடிப்புக்காரர் எல்லாரும் வண்டிக்குள் ஓடுவார்கள். ஊரில் குண்டுக்கும் செல்லடிக்கும் தப்பி வந்த சனம் வெளியே நனைந்துகொண்டு அவர்களை வேடிக்கை பார்க்கும்.

மொழிபெயர்க்க வந்தவன் ரகுநாதன். திருச்சிக்காரன், டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் ஆராய்ச்சி செய்கிறவன். நான்காவது தடவையும் முடிந்த பிறகு அவன் அவளிடம் வந்தான்.

"மேடம், நீங்க சும்மா 'விடுங்கோ விடுங்கோ'ன்னு சொன்னா எஃபெக்ட் இல்லையாம். டைரக்டர் ரொம்ப ஃபீல் பண்றார். உங்க ஊர்ல எப்படி அழுவீங்களோ அப்படியே அழுங்க. என்ன வேணாலும் பேசலாம். எப்படியும் இங்க ஒருத்தருக்கும் புரியப் போறதில்ல."

ஒருத்தருக்கும் புரியப் போவதில்லையா? பேர்பெச்சுவாவுக்கு உள்ளே பொறி தட்டியது. ஜெர்மனி முழுதும் விடுதி விடுதியாகத் தமிழ்ச்சனம் குந்தியிருக்கிறது. வேலை செய்ய விடமாட்டார்கள், மாவட்டத்தை விட்டு வெளியே போக விடமாட்டார்கள். பின்னேரமானால் அத்தனை பேரும் விடுதித் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். அத்தனை பேருக்கும் புரியும். அதில் ஒருவனுக்குப் புரிந்தால் போதும்.

அந்த ஒருவன் அவளுடைய தம்பி லோறன்ஸ். வீட்டில் அப்பன் என்றுதான் கூப்பிடுவது. தாயும் தகப்பனும் போன பிறகு ஒன்பது வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். எண்பத்துநான்கில் சுற்றிவளைப்பில் ராணுவக்காரர் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம் முகாமில் வைத்திருந்தார்கள். விட்ட கையோடு அவனைக் கொழும்புக்கு அனுப்பி, கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு ஏற்றிவிட்டாள். மேற்கு பெர்லினிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. 'என்னைப் பிடிச்சு வைச்சிருந்ததுக்கு முகாமிலை தந்த கடதாசித் துண்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எப்படியும் அனுப்பு அக்கா. அது இல்லாட்டில் இஞ்சை ஒண்டும் நம்பமாட்டினம், திருப்பி அனுப்பிப் போடுவினம்' என்று எழுதியிருந்தான். அவள் அனுப்பிய பதில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பிறகு ஊரில் செல்லடி. வீடு போனது. அந்த இரண்டு கடதாசியையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவளும் அதே வழியால் வந்து சேர்ந்தாள்.

வந்து ஒரு வருடமாகத் தேடுகிறாள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினாள், பாதிரிமாருக்கு எழுதினாள். லோறன்ஸ் என்று ஒரு ஆள் பதிவில் இல்லை என்றார்கள். எப்படி இருக்கும்? ஏஜென்சிக்காரன் யாரோ ஒருவனுடைய கடவுச்சீட்டில் அல்லவா அவனை ஏற்றினான்? யாருடைய கடவுச்சீட்டு, என்ன பேர், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பேர் தெரியாத ஆளை எந்த அலுவலகம் தேடும்? இதற்கிடையில் அவனுடைய வழக்கு எந்த ஊரில் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ என்று நினைக்கும்போதெல்லாம் பொலித்தீன் பையை எடுத்து, இரண்டு கடதாசியும் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

"நான் அழுறன் தம்பி," என்றாள் ரகுநாதனிடம். "ஆனா ஒரு நிமிசம் தேவை. இடையிலை மறிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

ஐந்தாவது தடவை. தங்கராசா அண்ணை குறை நினைக்க வேண்டாம் என்றுவிட்டுத் துவக்கை வைத்தார். பேர்பெச்சுவா கமராவை நேரே பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டாள், கடதாசி தன்னிடம் இருப்பதைச் சொன்னாள், விடுதித் தொலைபேசி எண்ணையும் சொன்னாள். இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பாண் கடையில் சாமான் சொல்கிற மாதிரி இருக்கிறதாம். பயம் எங்கே, துக்கம் எங்கே என்று கேட்டார்.

துக்கம்தானே வேண்டும்? ஊர்க் கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது மாதாவுக்காக ஒப்பாரி வைக்கிறவள் அவள். பன்னிரண்டு வருடம் முன்னுக்கு நின்று வைத்தவள். அவள் தொடங்கினால் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிற ஆம்பிளைகள்கூடக் கண்ணைத் துடைப்பார்கள். அதே இராகத்தைப் பிடித்தாள். முழங்காலில் விழுந்து, தலையை விரித்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு எடுத்தாள்.

"ஐயோ என்ர அப்பன்... என்னைப் பெத்த ராசா... அக்கா நான் உயிரோடை இருக்கிறன் ராசா... உன்ர கடதாசி ரெண்டும் என்ர கையிலை கிடக்கு ராசா... பூச்சியமடா... ஆறடா... ஒண்டடா... அஞ்சடா..."

ஒவ்வொரு எண்ணுக்கும் நெஞ்சில் ஒரு அடி. பத்து எண்ணும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. டார்ம்ஸ்டாட் என்ற ஊர்ப்பேரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. இயக்குநர் கண்டுபிடித்துவிடுவார் என்கிற விழிப்பு அந்த அழுகைக்குள்ளும் இருந்தது. குவாரி முழுதும் எதிரொலித்தது. தங்கராசா அண்ணையின் துவக்கு தன்பாட்டில் கீழே இறங்கிவிட்டது. அவரும் அழுதார். பயங்கரவாதி அழக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரகுநாதனிடம் வந்தார். அந்தப் பெண் என்ன சொன்னாள், ஏன் திரும்பத் திரும்ப ஒரே அடுக்காக வருகிறது என்று கேட்டார். ரகுநாதனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் வெட்டிவிடுவார்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் முழங்காலில் இருந்தபடியே அவனைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை; சொல்லடா பார்ப்போம் என்கிற பார்வை.

"பிள்ளைகளோட வயசு சார்," என்றான் ஜெர்மன் மொழியில். "பிள்ளைகளை நினைச்சு அழறாங்க. ஆறு வயசு, ஒரு வயசு, அஞ்சு வயசு..."

"முதலில் ஒன்று சொன்னாளே, பூச்சியம் என்று? அது என்ன?"

ரகுநாதனுக்கு வியர்த்தது. "எண்கள்தான் சார். பூச்சியம்னா... இன்னும் பொறக்காத பிள்ளை."

இயக்குநர் அப்படியே உறைந்து நின்றார். பிறகு உடுப்புக்காரியைக் கூப்பிட்டு, ஒரு தலையணை கொண்டுவந்து இந்தப் பெண்ணின் வயிற்றில் கட்டு என்றார். ஏழாவது தடவைக்குப் பேர்பெச்சுவா எட்டு மாதக் கர்ப்பிணியாகி, அதே ஒப்பாரியை அட்சரம் பிசகாமல் வைத்தாள். அதன் பிறகு சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கல்லில் படுக்கச் சொன்னார்கள். கதைப்படி ராணுவம் சுடும்போது அவள் செத்துப்போகிறாள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்பதுதான் மேஜருடைய வழக்கு. படுத்துக் கிடப்பதில் அவளுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. விடுதியில் ஆறு பேர் அறையில் கிடைக்காத நிம்மதி அந்தக் கல்லில் கிடைத்தது.

திரும்புகிற வழியில் ரகுநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, ரொம்ப நம்பிடாதீங்க. எடிட்டிங்ல பாதி போயிடும். மேல மியூசிக் போடுவாங்க."

"வெட்டமாட்டினம்," என்றாள் பேர்பெச்சுவா. "வெட்ட மனம் வராத மாதிரித்தான் அழுதனான்."

படம் ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வந்தது. விடுதியின் தொலைக்காட்சி அறையில் நிற்க இடமில்லை. தங்கராசா அண்ணை தன் முகத்தைக் கண்டதும் வெட்கத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். ஒப்பாரியில் ஒரு எழுத்தும் வெட்டவில்லை, இசையும் போடவில்லை. கீழே ஜெர்மன் மொழியில் 'என் பிள்ளைகள், என் பிள்ளைகள்' என்று மட்டும் எழுத்து ஓடியது. பத்து எண்ணும் இரண்டு தரம் கணீரென்று விழுந்தது. பிறகு வெடிச்சத்தம், கல்லில் அவள். மேஜர் தொப்பியைக் கழற்றினார்.

மேஜர் நீதிமன்றத்துக்குள் போக முன்பே நடையில் இருந்த தொலைபேசி அடித்தது. பேர்பெச்சுவா பாய்ந்து போய் எடுத்தாள்.

"அக்கா, நான் அப்பன் கதைக்கிறன்!"

அவள் தொலைபேசியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். ஆனால் அந்தக் குரல் கரவெட்டி ஊர்க்காரன் குரல். "நீங்கள் எங்கடை ஆசை மாமியின்ர மகளே?" என்று கேட்டது. இல்லை என்று சொல்லி வைத்த உடனே அடுத்த அழைப்பு. அதுவும் அப்பன், மானிப்பாய் அப்பன். அதன் பிறகு நெடுந்தீவு அப்பன். படம் பார்க்காமலே, 'யாரோ ஒரு அக்கா அப்பனைத் தேடுறாவாம்' என்று பக்கத்து அறையில் கேள்விப்பட்டு எடுத்தவர்கள் நாலைந்து பேர். பிறேமனிலிருந்து ஒரு தாய், காணாமற்போன தன் மகனையும் வீட்டில் அப்பன் என்றுதான் கூப்பிடுவது, அவனுடைய கடதாசியும் உங்களிடம் இருக்கிறதோ என்று கேட்டு அழுதாள். அவளை ஆற்றி வைக்கப் பத்து நிமிடம் ஆனது. ஒரு பொடியன், "நான் அப்பன் இல்லை அக்கா. ஆனா இஞ்சை தமிழ்ச் சனம் ஒருத்தரும் இல்லை. கொஞ்சம் கதைக்கலாமோ?" என்றான். அவனோடும் கதைத்தாள். எப்படி வைப்பது?

அறைத்தோழி புஷ்பமலர் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, யாழ்ப்பாணத்திலை வீட்டுக்கொரு அப்பன் கிடக்கு. லோறன்ஸ் எண்டு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே?"

அப்போதுதான் பேர்பெச்சுவாவுக்கு உறைத்தது. ஞானஸ்நானத் தொட்டியிலும் பள்ளிக்கூட இடாப்பிலும்தான் அவன் லோறன்ஸ். அவள் வாயில் அந்தப் பேர் ஒரு நாளும் வந்ததில்லை. செஞ்சிலுவைக்கு எழுதினபோது கடதாசியைப் பார்த்துத்தான் எழுதினாள். நெஞ்சிலடித்து அழும்போது கடதாசிப் பேரா வரும்? பத்து மணிக்குக் கெஸ்லர் வந்து, இது விடுதியா தொலைபேசி நிலையமா என்று கத்தி, ரிசீவரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவளுடைய அப்பன் மட்டும் எடுக்கவேயில்லை.

அன்றிரவு அவள் முதல்முறையாகச் சந்தேகப்பட்டாள். அவன் படம் பார்க்கவில்லையோ? ஜெர்மனியிலேயே இல்லையோ? திருப்பி அனுப்பிவிட்டார்களோ? விடிய எழும்பி முகத்தைக் கழுவினபோது, சரி, இன்னொரு வழி பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு படக்காரரும் இருப்பார்கள்தானே.

பதினொரு மணியளவில் குசினியில் பருப்பு அடுப்பில் இருந்தது. வாசலில் யாரோ நின்றார்கள். திரும்பினாள். மீசை வைத்திருந்தான், உயர்ந்திருந்தான், ஆள் பாதியாக இருந்தான். கிட்ட வந்து அவளுடைய கன்னத்தைத் தொட்டான். தோளைத் தொட்டான். கழுத்தில், படத்தில் இரத்தம் ஓடின இடத்தில், கையை வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பார்த்தான்.

"பிள்ளை?" என்றான்.

"தலையணையடா," என்றாள் பேர்பெச்சுவா.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது; இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் நின்றான். "படம் எண்டு தெரியுமக்கா. எல்லாரும் படமடா படமடா எண்டு பிடிச்சு வைச்சவங்கள். ஆனா நீ கல்லிலை கிடந்ததைக் கண்டாப் பிறகு இருக்க ஏலாமல் போச்சு. ரெலிபோன் பெட்டியிலை நிண்டு மூண்டு மணித்தியாலம் அடிச்சன். எந்த நேரமும் ஆரோ கதைச்சுக்கொண்டே இருந்தினம். ரெலிபோன் விசாரணையிலை கேட்டா இந்த இலக்கம் டார்ம்ஸ்டாட் எண்டாங்கள். விடிய முதல் வண்டியிலை ஏறி, இறங்கினவுடனை அகதி விடுதியைக் கேட்டுப் பிடிச்சிட்டன். தொட்டுப் பாக்க வந்தனான்."

அவன் வந்தது ஆஹெனிலிருந்து. அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்டுவது குற்றம் என்பது அவனுக்கும் தெரியும், சத்தம் கேட்டு வந்து கதவடியில் நின்ற கெஸ்லருக்கும் தெரியும். அடையாள அட்டையைக் காட்டு என்றார். ஸ்ரீஸ்கந்தராஜா என்றிருந்தது. அட்டையையும் ஆளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ர தம்பி," என்றாள் பேர்பெச்சுவா ஜெர்மன் மொழியில், நிமிர்ந்து நின்று. ஓடிப்போய்ப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து பிரித்து, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் முகாம் துண்டையும் மேசையில் விரித்தாள். "இவன் லோறன்ஸ்." தம்பி பக்கம் திரும்பி, "வழக்கு எப்படா?"

"அடுத்த மாதம் பன்னிரண்டாந் தேதி. மேல்முறையீடு. முதல் தரம் நம்பேல்லை."

"இனி நம்புவினம்."

கெஸ்லர் அந்தத் துண்டைக் கையிலெடுத்து, விளங்காத எழுத்தையும் விளங்கிய முத்திரையையும் நெடுநேரம் பார்த்தார். நான்கு மணி வண்டியைத் தவறவிட வேண்டாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் சோறு போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது பிடியை உருட்டி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"அக்கா, நான் உனக்கு எழுதாதது ஏன் தெரியுமோ? எங்கடை வீட்டிலை செல் விழுந்து நீ செத்துப் போட்டாய் எண்டு ஊரிலையிருந்து வந்தவன் சொன்னவன். பாத்தனான் எண்டு சத்தியம் பண்ணினவன். நான் ஆஹென் கோவிலிலை உனக்குப் பூசை குடுத்தனான். இந்த ஆவணியிலையும் குடுத்தன். ஸ்ரீஸ்கந்தராஜா எண்ட பேரிலை வேதக்காரப் பூசை கேக்கிறானே எண்டு சாமியார் ஒரு மாதிரிப் பாத்தவர்."

இரண்டு வருடமாகத் தன்னைத் தேடுகிறவனைத் தான் தேடுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவன் அவளைப் புதைத்துவிட்டு, அந்தத் தனிமையோடு இந்த நாட்டில் விழுந்து எழும்பியிருக்கிறான். எழுந்து போய் இன்னும் ஒரு அகப்பை பருப்பை எடுத்து அவன் சோற்றுக் கோப்பையில் விட்டாள்.

"குடுத்த பூசை கிடக்கட்டும்," என்றாள். "என்ர கணக்கிலை இருக்கட்டும். ஒரு நாளைக்குத் தேவைப்படும்தானே. இப்ப சாப்பிடு."

அவன் கையில் இருந்த சோற்றோடு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பக்கத்தில் இருந்து, நான்கு மணி வண்டிக்கு நேரமாகும்வரை அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.